முதல் முறை பவர் போடுவதற்கு முன்: எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்

கேள்வி இதுதான். பெங்களூரு மாரத்தஹள்ளியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிவந்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறார். ரைசன் 5 7500எஃப் பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 650 வாட் செமி மாடுலர் (சில கேபிள்களை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் பட்டனை அழுத்தக் கை வரவில்லையாம். ஏதாவது எரிந்துவிட்டால் சேர்த்து வைத்த பணமெல்லாம் போய்விடுமே, கடைசியாக என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அசெம்பிள் செய்யும்போது நேரும் தவறுகள் இரண்டு வகை. ஒரு வகை, பாகத்தையே எரித்துவிடும். இன்னொரு வகை, மெஷினை ஆன் ஆக விடாது, அவ்வளவுதான், கழற்றித் திரும்ப மாட்டினால் சரியாகிவிடும். நீங்கள் பயப்படுகிற பெரும்பாலான விஷயங்கள் இரண்டாவது வகையில்தான் வரும். ராம் சரியாக உட்காரவில்லை, பவர் பட்டன் ஒயர் மாறிவிட்டது, மானிட்டர் கேபிள் தப்பான இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் எதையும் எரிக்காது. எரிக்கக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். இருக்கிற நேரத்தில் பாதியை அந்தச் சிலவற்றுக்கே கொடுங்கள். மற்றதைச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

நான் எப்போதும் சுவரிலிருந்துதான் தொடங்குவேன், கேபினட்டுக்குள் இருந்து அல்ல. காரணம் வாடகை வீடுகளின் எர்த். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகளை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் வீட்டில் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று மாற்றினார், புதிதிலும் அதே கதை. எஸ்எம்பிஎஸ் மேல் தப்பே இல்லை. அதன் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட்டின் உலோகத்துக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அதில் கசியும் கொஞ்ச மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் மிதக்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லைதான், ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளையோ யுஎஸ்பியையோ சொருகிக் கழற்றினால் போர்ட் அடிபட வாய்ப்பு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையாகவே ஒரு கோளாறு வந்து பேஸ் கேபினட்டில் ஏறிவிட்டால் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஏசி வோல்ட்டில், 230-ஐவிடப் பெரிய ரேஞ்சில் வையுங்கள். பாயின்ட்டை நேராகப் பார்த்தால் வலது ஓட்டை பேஸ், இடது நியூட்ரல், மேலே எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் நல்லது. பேஸ்–எர்த் நடுவே பூஜ்யமோ, ஐம்பது நூறு என்று அலைபாயும் எண்ணோ வந்தால் எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு: சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230-ம் வந்து நிற்கும். அயர்ன் பாக்ஸ் போல ஒரு பெரிய லோடை அதே லைனில் ஓடவிட்டும் நியூட்ரல்–எர்த் அளவு பூஜ்யத்திலிருந்து அசையவே இல்லையென்றால் பாயின்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் நீங்கள் செய்ய வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு ஓனரிடம் பேசுங்கள். அறுபது எழுபதாயிரத்துக்கு மெஷின் வாங்கிவிட்டு இந்தச் செலவுக்கு யோசிக்கக் கூடாது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். அதன் பின்பக்கம் 115 / 230 என்று சிவப்பு நிறத்தில் சின்னதாக ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே எடுத்துக்கொள்ளும், சுவிட்சே இருக்காது. மலிவானதிலும் பழையதிலும் இருக்கும். அது 115-ல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் பட்டென்று வெடித்து, அதோடு எஸ்எம்பிஎஸ் கதை முடிந்தது. பார்க்க இரண்டு விநாடிதான் ஆகும், பார்த்துவிடுங்கள்.

உங்களுடையது செமி மாடுலர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எஸ்எம்பிஎஸ்ஸோடு பெட்டியில் வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். நண்பரின் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சாட்டா கேபிள் மிச்சம் இருந்தது, அச்சாகப் பொருந்துகிறது என்று மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். மதர்போர்டு பக்கம், டிரைவ் பக்கம் இருக்கும் முனைகளுக்குத்தான் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5, எது கிரவுண்ட் என்பது ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டம், ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் அந்த நொடியே போய்விடும், உள்ளே இருந்த டேட்டாவும் சேர்ந்து.

எரிக்கும் வகையில் மூன்றாவது, மதர்போர்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டாண்ட்-ஆஃப். போர்டைத் தாங்கும் அந்தப் பித்தளைத் திருகுகள் எல்லாம் போர்டின் ஓட்டைகளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பெரிய ஏடிஎக்ஸ் கேபினட்டில் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போடும்போதுதான் சிக்கல் வரும்: கேபினட்டில் ஏற்கெனவே மாட்டி வந்த ஒன்று, ஓட்டையே இல்லாத இடத்தில் போர்டின் முதுகைக் குத்திக்கொண்டு நிற்கும். அங்கே சால்டர் முனைகள் இருந்தால் ஷார்ட். போர்டை மாட்டும்போது இதைக் கவனித்த ஞாபகம் இருந்தால் சரி. ஞாபகம் இல்லையென்றால் டார்ச்சைக் கீழ் விளிம்பு வழியாக அடித்து எட்டிப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, போர்டைக் கழற்றிப் பார்ப்பதற்குச் சோம்பல் வேண்டாம். இதோடு சேர்த்து, பையில் வந்த திருகுகளில் ஏதாவது கணக்கில் வரவில்லையென்றால் அது கேபினட்டுக்குள் எங்கோதான் கிடக்கிறது. மெதுவாகச் சாய்த்து ஆட்டுங்கள், சத்தம் கேட்கும்.

நான்காவது, வளைந்த பின்கள். உங்கள் பிராசசர் உட்காரும் ஏஎம்5 என்ற சாக்கெட் வகையில் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன, நீங்கள் பிராசசரை வைத்து மூடிவிட்டதால் இப்போது அதைப் பார்க்க முடியாது. வைக்கும்போது முக்கோணக் குறியைச் சேர்த்து, அழுத்தாமல், தானாக உட்காரவிட்டிருந்தால் திறக்க வேண்டியதில்லை. லீவரை மூடும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும், அது இயல்பு. இப்போது பார்க்க முடிந்தது முன்பக்க யுஎஸ்பி 3 கேபிள் போகும் 19 பின் கட்டை. அந்தக் கேபிள் தடித்தது, விறைப்பானது, பக்கவாட்டில் இழுத்தால் பின் சாய்ந்துவிடும். நேராக இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், திரும்பத் திரும்பக் கழற்றாதீர்கள்.

எரிக்கும் சமாச்சாரம் அவ்வளவுதான். இனி மெஷினை ஆன் ஆகவிடாமல் முரண்டு பிடிக்க வைப்பவை.

24 பின் கேபிளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். எத்தனையோ பேர் முக்கால்வாசி தள்ளிவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் தள்ளினால் போர்டு வளைகிறது, பயம் வந்துவிடுகிறது. ஒரு கை விரல்களை போர்டின் விளிம்புக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மறு கைக் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்துங்கள். கேபிளின் கொக்கி, சாக்கெட்டின் மேட்டைத் தாண்டி விழும்போது ஒரு க்ளிக் விரலுக்கே தெரியும். பிறகு பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவே சீரான மெல்லிய கோடுதான் தெரிய வேண்டும், ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால் இறங்கவில்லை. 20+4 என்று பிரிந்து வரும் கேபிளில் அந்த நாலு பின் துண்டு மட்டும் மேலே எழும்பி நிற்கும், அதைத் தனியாகக் கவனியுங்கள்.

பிராசசருக்கான 8 பின் கேபிள் போர்டின் மேல் இடது மூலையில். அதை மாட்டவே மறப்பவர்கள்தான் அதிகம், ஃபேன் எல்லாம் சுற்றும், திரை மட்டும் வராது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதே மாதிரிதான், ஆனால் பிராசசருடையது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை இன்னொன்றில் போட்டால் இறங்காது, ஏனென்றால் ஓட்டைகளின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். இறங்காததை வம்படியாக இறக்குவது மட்டும் கூடாது, இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். உங்கள் 4060 பெரும்பாலும் ஒரே ஒரு 8 பின் கேட்கும் வகை, அதனால் உருகிப்போகும் 16 பின் கனெக்டர் பற்றி நீங்கள் படித்த கதைகள் உங்களுக்குப் பொருந்தாது.

ராம் இரண்டுதான் என்றால், நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள், போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். இப்போது நிறைய போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி, கொக்கி இல்லாத பக்கம் முழுசாக இறங்காமல் ஏமாற்றும். அந்தப் பக்கத்தை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிடுங்கள்.

கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? தெர்மல் பேஸ்ட் போட்ட ஞாபகம் இருக்கிறதா? எம்.2 எஸ்எஸ்டிக்கு மேல் வரும் ஹீட்சிங்க்கின் பேடிலும் ஒரு தாள் இருக்கும். மூன்றுக்கும் தெளிவாக ஆமாம் சொல்ல முடியவில்லையென்றால் கூலரைக் கழற்றுங்கள், புதுப் பேஸ்ட் கொஞ்சம் செலவானால் பரவாயில்லை. ஏஎம்5 பிராசசர் 95 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் நின்றுவிடும், அதனால் எரிந்துபோகாது. ஆனால் ஏன் இப்படி மெதுவாக இருக்கிறது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். கூலர் ஃபேன் ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் இருக்க வேண்டும், அங்கே எதுவும் இல்லையென்றால் பல போர்டுகள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். எந்த ஒயரும் ஃபேன் இறக்கையைத் தொடவில்லையே என்றும் பாருங்கள்.

முன்பக்கப் பட்டன் ஒயர்களுக்கு இவ்வளவு பயம் தேவையே இல்லை. பவர் சுவிட்சுக்கும் ரீசெட்டுக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படிப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடிக்கு மட்டும் உண்டு, மாற்றிப் போட்டால் விளக்கு எரியாது, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மேனுவலில் படம் இருக்கும்.

மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் போக வேண்டும். 7500எஃப்-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் சொருகினால் திரை காலம் முழுக்கக் கறுப்பாகத்தான் இருக்கும். கார்டு மேலே இருக்கும் நீள ஸ்லாட்டில் க்ளிக் என்று பூட்டியிருக்கிறதா, பின்பக்கத் திருகை முடுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே எழும்பவில்லையே என்று ஒரு பார்வை.

ஸ்டாட்டிக், அதாவது உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பெங்களூரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டிருக்கும்போது கொஞ்சம் கவனம் தேவைதான், மற்றபடி வேலைக்கு நடுவே கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டாலே போதும்.

சரி, இப்போது பவர் போடலாம். பக்கவாட்டுக் கண்ணாடி திறந்தே இருக்கட்டும். மானிட்டரை முதலில் ஆன் செய்து சரியான இன்புட்டில் வையுங்கள், ஒயர் உள்ள கீபோர்டு ஒன்றை பின்பக்க யுஎஸ்பியில் சொருகுங்கள். முதல் தடவை நேராகச் சுவர் பாயின்ட்டிலிருந்து கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஆடிக்கொண்டிருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை ஒன்று போலக் கோடு போட்டிருக்கும் பக்கம் தள்ளுங்கள், வட்டம் என்றால் ஆஃப். அந்த நேரத்தில் சின்னதாக டிக் என்று கேட்டால் பயப்படாதீர்கள். போர்டில் ஒரு விளக்கு எரியலாம், எரியாமலும் இருக்கலாம். அரை நிமிடம் சும்மா நின்று முகர்ந்து பாருங்கள், வாடை எதுவும் இல்லையென்றால் பட்டனை அழுத்துங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் பொறுமை இழந்துவிடுகிறார்கள். ஏஎம்5-ம் டிடிஆர்5-ம் சேர்ந்தால், முதல் தடவை பிராசசர் ராமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். திரையில் ஒன்றுமே வராது, போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் டிராம் விளக்கு மட்டும் நிமிடக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும், இடையில் மெஷின் தானே ஒரு தடவை அணைந்து எழுந்திருக்கவும் செய்யும். செத்துவிட்டது என்று நினைத்து பவரை இழுத்துவிட்டு, ராமைக் கழற்றி, மறுபடி ஆன் செய்தால் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு காபி போட்டுக் குடியுங்கள். 15 நிமிடம் முழுசாகக் கொடுத்த பிறகும் அதே விளக்கு என்றால் அப்போது ஒரே ஒரு ராமை மட்டும் ஏ2-வில் வைத்து முயற்சி செய்யுங்கள். சிபியு விளக்கு நின்றால் 8 பின் கேபிளைப் பாருங்கள். அதுவும் சரி என்றால், போர்டு கடையில் வெகுநாள் கிடந்த பழைய சரக்காக இருந்து பயாஸ் (மெஷினை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இந்தப் பிராசசரை அறியாமல் இருக்கலாம், பி650 போர்டுகள் 2022-லேயே வந்துவிட்டன, 7500எஃப் 2023-ல்தான் வந்தது. பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென் டிரைவிலிருந்தே பயாஸை ஏற்றிவிடலாம், அந்த நேரத்தில் கரண்ட் போனால் தொல்லை, அதனால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு அசைவு அசைந்து நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. திரும்பத் திரும்ப அழுத்தாமல் ஸ்டாண்ட்-ஆஃப் பக்கம் போங்கள். எதுவுமே அசையவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ் சுவிட்ச், 24 பின், பட்டன் ஒயர், இந்த வரிசையில். வீட்டு மெயின் போர்டில் எம்சிபி சுவிட்ச் விழுந்தாலோ கருகல் வாடை வந்தாலோ சுவரில் அணைத்துவிட்டு அதோடு நிறுத்துங்கள், இன்னொரு தடவை பார்ப்போமே என்ற ஆசை வேண்டாம்.

திரை வந்ததும் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) மாறிவிட்டது, ஒய் அல்லது என் அழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரலாம். புது பிராசசர் போட்டதால் வருவது அது. உங்கள் மெஷினில் இன்னும் எதுவும் இல்லாததால் ஒய் அழுத்திவிடுங்கள். பயாஸுக்குள் போய் ராம் 32 ஜிபி காட்டுகிறதா, எஸ்எஸ்டி தெரிகிறதா, பிராசசர் வெப்பம் 35 முதல் 50 டிகிரிக்குள் நிலையாக நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அது எண்பது தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்ற வேண்டியதுதான். ராம் வேகம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும், பயாஸ் 4800 காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, ராமை அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற பயாஸ் அமைப்பை இன்னும் நீங்கள் ஆன் செய்யவில்லை. அதை இன்று தொடாதீர்கள். விண்டோஸ் போட்டு ஒருநாள் ஓட்டிய பிறகு செய்யுங்கள், அப்போது மறுபடி அந்த ட்ரெய்னிங் காத்திருப்பு வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெட்டிகளை இப்போதே காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எஸ்.பி. ரோட்டு பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் இந்த வாரமே போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டு சாக்கெட்டின் மேல் இருந்து கழன்று விழுந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் போர்டு பெட்டியிலேயே போட்டு வையுங்கள். வாரன்டிக்குப் போகும்போது அந்த மூடி இல்லாமல் கொடுத்தால், பின் வளைந்தது யாரால் என்ற வாக்குவாதம் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் தொடங்கிவிடும்.